கம்பு பிடிக்கும் குழந்தைக்கு முதல் ஆறு மாதங்கள்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். "மாஸ்டர், இவன் சொன்ன பேச்சையே கேட்பதில்லை. நாலு தட்டுத் தட்டி ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடுங்கள்" என்பார் ஒருவர். "இவள் வாயைத் திறப்பதே இல்லை. யாராவது வீட்டுக்கு வந்தால் என் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள். கொஞ்சம் தைரியம் வர வேண்டும்" என்பார் இன்னொருவர். பிள்ளையும் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பேச்சைப் பிள்ளையின் காதுபட இனிப் பேசாதீர்கள் என்பதுதான் நான் அவர்களுக்குச் சொல்லும் முதல் யோசனை. அடங்காதவன் என்று பெயர் வாங்கியவன் அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் பார்ப்பான்.

வட சென்னையில், தண்டையார்பேட்டையில் 17 ஆண்டுகளாகச் சிலம்பம் சொல்லித்தருகிறேன். வாரத்தில் நான்கு நாள் மாலை, திடலின் ஒரு மூலை. மழைக்காலத்தில் தகரக் கூரை போட்ட எங்கள் மொட்டை மாடி. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என் தாத்தா. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வேலை முடிந்து வந்து, காசிமேட்டு மணலில் எங்களை வரிசையாக நிறுத்துவார். அவர் வாயில் ஒழுக்கம், தன்னம்பிக்கை என்ற சொற்கள் வந்து நான் கேட்டதில்லை. "கம்பைக் கீழே போடாதே. போட்டால் நீயே எடு" என்பார். இத்தனை ஆண்டுகளில் நான் கற்பிப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

கம்பைச் சுற்றினால் ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கம்பை எடுப்பதற்கு முன்பும் வைத்த பின்பும் பிள்ளை செய்யும் சின்னச் சின்ன வேலைகளில்தான் அது வருகிறது. தன்னம்பிக்கை கைதட்டலில் வருவதில்லை. நேற்று முடியாத ஒன்று இன்று முடிவதைப் பிள்ளை தன் கண்ணால் பார்க்கும்போது வருகிறது. இந்த இரண்டுக்கும் ஆறு மாதமாவது வேண்டும். அந்த ஆறு மாதத்தில் பெற்றோர் என்ன செய்யலாம், எதைச் செய்யாமல் இருக்கலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பயிற்சி இடத்தைப் பார்ப்பது எப்படி

பணம் கட்டுவதற்கு முன் இரண்டு மூன்று நாள் மாலையில் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். சுவரில் மாட்டியிருக்கும் கோப்பைகளையும் படங்களையும் பார்க்க வேண்டாம். வரிசையில் கடைசியில் நிற்கும் பிள்ளையைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஆசிரியர் அந்தப் பிள்ளையின் பக்கம் எத்தனை முறை வருகிறார்? ஒருமுறைகூட வரவில்லை என்றால் உங்கள் பிள்ளை அங்கே கடைசியில்தான் நிற்கும், ஆறு மாதமும் அங்கேயே நிற்கும்.

அடுத்து, ஒரு பிள்ளை கம்பைத் தவறவிடும்போது என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்களா? ஆசிரியரும் சேர்ந்து சிரிக்கிறாரா? அல்லது தவறவிட்டவன் எடுத்துக்கொண்டு நின்ற இடத்துக்கே திரும்பும்வரை எல்லோரும் அமைதியாகக் காத்திருக்கிறார்களா? ஒரு பயிற்சிக்கூடத்தின் குணம் அந்த ஐந்து நொடியில் தெரிந்துவிடும்.

பிள்ளைகளுக்கு இடையே இடைவெளி போதுமானதாக இருக்க வேண்டும். ஒரு பிள்ளை கையை நீட்டிக் கம்பையும் நீட்டினால் அடுத்த பிள்ளையின் மேல் படக்கூடாது. சின்ன இடத்தில் நாற்பது பிள்ளைகளை அடைத்து வைத்துச் சுற்றச் சொல்கிறவர் கட்டணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

பெற்றோர் உள்ளே வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. நிலையைத் திருத்துவதற்காக ஆசிரியர் பிள்ளையின் தோளையோ முழங்காலையோ தொட வேண்டியிருக்கும். நான் தொடுவதற்கு முன் "உன் முழங்காலை மடக்கிவிடப் போகிறேன், சரியா?" என்று கேட்பேன். பிள்ளை தலையாட்டினால்தான் தொடுவேன். பல சமயம் என் கம்பின் நுனியால் சுட்டிக்காட்டுவதே போதும். இப்படிக் கேட்கப்பட்டுப் பழகிய பிள்ளை, வேறு யாராவது கேட்காமல் தொடும்போது அது சரியில்லை என்று சட்டென்று உணரும். தற்காப்பில் முதல் பாடமே இதுதான் என்பேன். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எங்கள் மாடிச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன். சேர்ந்த முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் அதை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதற்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், அதைப் பொறுத்துத்தான் கலை நல்லதாகவோ கெட்டதாகவோ ஆகிறது. உடற்கல்வி படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தி ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னாள். 1986இல் மைக்கேல் ட்ரல்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டது. அடிதடியில் பழகிப்போன 34 பதின்பருவப் பையன்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஆறு மாதம் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு குழுவுக்கு மரியாதை, தியானம், தன்னடக்கம் எல்லாம் சேர்ந்த மரபுமுறை டேக்வாண்டோ (கொரியத் தற்காப்புக் கலை). இன்னொரு குழுவுக்குச் சண்டை நுட்பம் மட்டும். மூன்றாவது குழுவுக்குச் சாதாரண உடற்பயிற்சி. முதல் குழுவில் மூர்க்கம் குறைந்தது. இரண்டாவது குழுவில் முன்பிருந்ததைவிடக் கூடிவிட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான் திடலில் பார்த்ததும் அதுவேதான். வணக்கம் வைக்கக் கற்பதற்கு முன் அடிக்கக் கற்ற பையன்கள் இந்தத் தெருக்களில் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியும்.

எந்தக் கலை, எந்த வயது

நான் சிலம்பக்காரி. ஆனாலும் உங்கள் வீட்டுக்கு நடந்து போகும் தூரத்தில் நல்ல கராத்தே ஆசிரியர் இருந்தால் அங்கேயே சேருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே முக்கால் மணி நேரம் நின்று என்னிடம் வருவதைவிட அது மேல். தூரம் அதிகமானால் மூன்றாவது மாதத்தில் வருகை குறையும். வருகை குறைந்தால் எந்தக் கலையும் பயன் தராது.

வட சென்னைக்காரர்களுக்குக் குத்துச்சண்டை மேல் தனிப் பாசம் உண்டு. பரம்பரை என்று சொல்லிக்கொண்ட குத்துச்சண்டை அணிகளாகப் பிரிந்து மோதிய ஊர் இது. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடியதை என் அப்பா இப்போதும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார். குத்துச்சண்டையின் காலசைவும் கயிறு தாண்டுதலும் எந்தப் பிள்ளைக்கும் நல்லது. ஆனால் தலையில் குத்து வாங்கும் பயிற்சி சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள குழந்தை மருத்துவர் அமைப்புகள் 2011இல் சேர்ந்தே இதை எதிர்த்து அறிக்கை வெளியிட்டன. நிழல் குத்து, பை குத்து என்பதோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

வயது என்று கேட்டால், ஆறு முடியட்டும் என்பேன். அதற்கு முன்பு ஓடிப் பிடித்து விளையாடினாலே போதும். இழுப்பு உள்ள பிள்ளை என்றால் முதல் நாளே ஆசிரியரிடம் சொல்லி, மருந்தைப் பையில் வைத்து அனுப்புங்கள். மணலி, எண்ணூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் இதைச் சொல்லாமல் மறைக்கும் பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று பயப்படுகிறார்கள். நாங்கள் சேர்ப்போம். தெரிந்திருந்தால் நிதானமாக நடத்துவோம், அவ்வளவுதான்.

கம்பு

கம்பை நீங்கள் தனியாகப் போய் வாங்கிவந்து பரிசாகக் கொடுக்காதீர்கள். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள். தரையில் ஊன்றினால் பிள்ளையின் நெற்றி உயரம் இருக்க வேண்டும். நடுவில் பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றையொன்று தொட வேண்டும். தொடவில்லை என்றால் கம்பு அந்தக் கைக்குப் பருமன். தொடக்கத்தில் மூங்கிலைவிடப் பிரம்பு நல்லது. எடை குறைவு, வளைந்து கொடுக்கும், தவறிப்போய்க் காலில் பட்டாலும் வலி பொறுக்கும்படி இருக்கும். மூங்கில் வாங்கினால் சிராய் இருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பழைய துணியில் நல்லெண்ணெய் தொட்டுத் தடவி நிழலில் வையுங்கள். அந்தத் தடவும் வேலையைப் பிள்ளையே செய்யட்டும். வாரத்துக்கு ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யட்டும். தன் கையால் எண்ணெய் தடவிய கம்பைப் பிள்ளை தூக்கி எறியாது. நான் எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன்.

பிள்ளை வளரும்போது கம்பு குட்டையாகிவிடும். பழைய கம்பைப் புதிதாகச் சேரும் சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். என்னிடம் நான்கு பிள்ளைகளின் கை மாறிய பிரம்பு ஒன்று இருக்கிறது. பிடி படும் இடம் மட்டும் தேன் நிறத்தில் கறுத்திருக்கும்.

வெளியே எடுத்துச் செல்லும்போது கம்பு செங்குத்தாக, உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோவில் ஏறும்போது முதலில் பிள்ளை, பிறகு கம்பு. தெருவில் சுற்றிக் காட்டச் சொல்லி யார் கேட்டாலும், மாமாவே கேட்டாலும், "திடலுக்கு வாருங்கள், காட்டுகிறேன்" என்று சொல்லப் பழக்குங்கள். ஆசைப்படுகிறவர்களிடம் இல்லை என்று மரியாதையாகச் சொல்லத் தெரிவது எட்டு வயதுப் பிள்ளைக்குச் சின்னக் காரியமா என்ன?

மூன்றாவது வாரம்

முதல் மாதம் நான் கம்பைச் சுற்ற விடமாட்டேன். வணக்கம், நிலை, காலடி. இடது கால் எங்கே, வலது கால் எங்கே, உடம்பின் எடை எந்தக் காலில். கால் முதலில், கம்பு பிறகு. ஒரு மாதம் முழுக்க இதுவேதான். பிள்ளைகளுக்குச் சலித்துப்போகும். கைப்பேசியில் நெருப்புப் பந்தம் சுற்றுகிறவர்களைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை, தரையில் சுண்ணாம்பில் போட்ட நான்கு கட்டங்களில் கால் மாற்றி வைத்துக்கொண்டிருந்தால் சலிக்கத்தானே செய்யும்?

மூன்றாவது வாரம், பெரும்பாலும் ஒரு செவ்வாய்க்கிழமை, "நான் இன்றைக்குப் போக மாட்டேன்" என்று சொல்லும். வயிறு வலிக்கும், கால் வலிக்கும், வீட்டுப்பாடம் மலைபோல் குவிந்திருக்கும். ஆறு மாதத்திலேயே மிக முக்கியமான நாள் இதுதான் என்பது என் எண்ணம். இந்த இடத்தில் பெற்றோர் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒருவர், "பணம் கட்டியிருக்கிறேன், போகாமல் விடுவேனா" என்று தரதரவென்று இழுத்துவருவார். இன்னொருவர், "போனால் ஐஸ்கிரீம் வாங்கித்தருகிறேன்" என்பார். முதல் பிள்ளை திடலை வெறுக்கும். இரண்டாவது பிள்ளை அடுத்த வாரம் இரண்டு ஐஸ்கிரீம் கேட்கும்.

இப்படிச் செய்து பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "சலிப்பாக இருக்கிறது, இல்லையா?" என்று கேளுங்கள். ஆமாம் என்று சொல்லவிடுங்கள். சலிப்பைப் பொய் என்று மறுக்காதீர்கள். "அடுத்த மாதம் 10ஆம் தேதி வரை போவோம். அன்று சாயங்காலம் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம். வேண்டாம் என்று நீ அப்போது சொன்னால் நிறுத்திக்கொள்ளலாம்" என்று தேதி குறித்துச் சொல்லுங்கள். அந்தத் தேதியில் மறக்காமல் பேசுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் அன்றைக்குத் தொடரலாம் என்றே சொல்வார்கள், ஏனென்றால் அந்த வாரம்தான் அவர்களுக்கு முதல் சுற்று கையில் வந்திருக்கும். சிலர் உண்மையாகவே வேண்டாம் என்பார்கள். அப்போது நிறுத்திவிடுங்கள். வாக்குக் கொடுத்தது நீங்கள். பெற்றோர் வாக்குத் தவறுவதைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு எந்த வாத்தியாரும் ஒழுக்கம் கற்றுக்கொடுக்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. பள்ளி மதிப்பெண் குறைந்தால் "இனிமேல் சிலம்பம் கிடையாது" என்று மிரட்டாதீர்கள். கணக்கில் தடுமாறும் பிள்ளைக்குத் தன் கால் உறுதியாக நிற்கும் இடம் இது ஒன்றாகத்தான் இருக்கும். அதையும் பிடுங்கினால் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும்? தேர்வு நேரத்தில் நான்கு நாளை இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கம்பைச் சுற்றியுள்ள வேலைகள்

எங்கள் இடத்தில் பயிற்சி ஐந்தரைக்கு. ஐந்தேகாலுக்கே வந்து இரண்டு பேர் திடலில் கல், கண்ணாடித் துண்டு பொறுக்கிப் பெருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வேறு இரண்டு பேர். செருப்புகள் சுவரோரம் ஜோடி ஜோடியாக, முகம் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும். முடிந்ததும் கம்புகளை உயர வரிசையில் சாய்த்து வைக்க வேண்டும். தண்ணீர் குடிக்கும்போது சின்னப் பிள்ளைகளுக்கு முதலில். இதில் எதையும் நான் தண்டனையாகக் கொடுப்பதில்லை. பெருக்குவது தண்டனையாகிவிட்டால் பெருக்குகிறவரைப் பிள்ளை கேவலமாகப் பார்க்கும். எங்கள் தெருவிலேயே தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர் என்னிடம் படிக்கிறார்கள்.

அதேபோல ஓடுவதையும் உக்கி போடுவதையும் தண்டனையாக்க மாட்டேன். தப்புச் செய்தால் பத்துச் சுற்று ஓடு என்று சொல்லிச் சொல்லி, ஓடுவதென்றாலே தப்புக்கு விலை என்று பிள்ளைகளின் உடம்பில் பதித்துவிட்டோம். தப்புச் செய்தவனின் கம்பு ஓய்வெடுக்கும், அதுதான் எங்கள் முறை. ஆனால் அவன் வர வேண்டும். வரிசைக்கு முன்னால் நின்று, மற்றவர்களுக்காக ஒன்று இரண்டு என்று எண்ண வேண்டும்.

கடந்த நவம்பரில், மழை விட்ட ஒரு வாரத்தில், ஒன்பது வயதுப் பையன் ஒருவன் சேர்ந்தான். அப்பா விசைப்படகில் வேலை செய்கிறவர். கடலுக்குப் போனால் திரும்ப ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பையன் கை சும்மா இருக்காது. பக்கத்தில் நிற்பவனைத் தள்ளுவான், கம்பால் மண்ணைக் கிளறுவான். "நேராக நில்" என்று நான் நூறு முறை சொல்லியிருப்பேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் நான் சொல்வதை நிறுத்திவிட்டு அவனையே கேட்க ஆரம்பித்தேன். இதையும் ஓர் ஆய்விலிருந்துதான் எடுத்துக்கொண்டேன். 2004இல் கிம்பர்லி லேக்ஸ், வில்லியம் ஹாய்ட் என்ற இருவர் வெளியிட்டது. 207 பள்ளிக் குழந்தைகளை வைத்து மூன்று மாதம் நடத்தியது. டேக்வாண்டோ கற்ற பிள்ளைகளிடம் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன், சாதாரண விளையாட்டு வகுப்புக்குப் போனவர்களைவிடக் கூடியிருந்தது. அங்கே பிள்ளைகள் தங்களையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளப் பழக்கினார்கள். நான் எங்கே இருக்கிறேன்? என்ன செய்துகொண்டிருக்கிறேன்? என்ன செய்ய வேண்டும்?

மண்ணைக் கிளறும்போது பக்கத்தில் போய் மெதுவாக, "எங்கே இருக்கிறாய்?" என்பேன். "திடலில்." "என்ன செய்கிறாய்?" கொஞ்சம் யோசித்து, "குழி தோண்டுகிறேன்." "என்ன செய்ய வேண்டும்?" பதில் சொல்லாமல் கம்பைத் தூக்கிக்கொண்டு நிலையில் நிற்பான். முதல் இரண்டு வாரம் ஒரு மாலைக்கு ஏழெட்டு முறை கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு நான் அவன் பக்கம் நடந்து வந்தாலே போதும் என்றானது. வீட்டில் அம்மாவும் இதையே கேட்கத் தொடங்கினார், கத்தாமல். கத்தாமல் என்பதுதான் கடினமான பகுதி என்று அவர் என்னிடம் சொன்னார். நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம். மூன்று கேள்வியும் உண்மையான கேள்வியாக இருக்க வேண்டும். குத்திக்காட்டும் குரலில் கேட்டால் வேலை செய்யாது.

பிப்ரவரியில் அவன் பள்ளியில் ஒரு பையனை அடித்துவிட்டான். எங்களிடம் ஒரு விதி உண்டு: வெளியே யாரையாவது அடித்தால், வேறு யார் மூலமாகவும் என் காதுக்கு வருவதற்கு முன் நீயே வந்து சொல்ல வேண்டும். அன்று மாலை ஐந்து மணிக்கே வந்து நின்று சொன்னான். ஒரு வாரம் கம்பு ஓய்வெடுத்தது, அவன் எண்ணினான். உண்மையைச் சொன்னதற்காக ஓய்வைக் குறைக்கவில்லை. சொல்லியதற்காகத் திட்டவும் இல்லை. இரண்டும் வேறு வேறு கணக்கு என்று பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

குரல்

அதிகம் பேசாத பிள்ளைகளுக்கு நான் தரும் மருந்தும் எண்ணுவதுதான். புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து வரும் எட்டு வயதுச் சிறுமி, முதல் மாதம் என்னிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பேசு என்று நான் வற்புறுத்தவும் இல்லை. எல்லோரும் சேர்ந்து எண்ணும்போது உதடு மட்டும் அசையும். ஐந்தாவது வாரத்தில் நான்கு பேர் கொண்ட குழுவில் நிறுத்தினேன். நான்கு பேரில் குரலை ஒளிக்க முடியாது. அடுத்து இரண்டு பேர். மூன்றாவது மாதம் அவள் தனியாக, பத்து வரை மட்டும், சின்னப் பிள்ளைகள் ஆறு பேருக்கு எண்ணினாள். அவள் ஐந்து என்றால்தான் அவர்கள் கம்பு திரும்பும். தன் குரலுக்கு ஆறு கம்புகள் ஒரே நேரத்தில் திரும்புவதை அவள் பார்த்தாள். அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா வந்து சொன்னார்: ஷேர் ஆட்டோ நிறுத்தத்தைத் தாண்டிப் போனபோது, "அண்ணா, நிறுத்துங்கள்" என்று சொன்னது இவளாம். ஆட்டோவில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

இந்த இடத்தில் பாராட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். "சூப்பர்", "பிரமாதம்" என்பதை எதற்கும் சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்குத் தங்கள் சுற்று எப்படி இருந்தது என்று தெரியும். மோசமாக இருந்த நாளிலும் சூப்பர் என்று சொன்னால், நீங்கள் பார்க்கவே இல்லை என்று அவர்கள் புரிந்துகொள்வார்கள். பார்த்ததைச் சொல்லுங்கள். "போன வாரம் மூன்று முறை விழுந்தது, இன்றைக்கு ஒரு முறைதான் விழுந்தது." "திரும்பும்போது இடது கால் தடுமாறவில்லை." இதற்கு நீங்கள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

வீட்டில் பழகுவதற்குப் பத்து நிமிடம் போதும். நம் வீடுகளில் கம்பைச் சுற்றினால் மின்விசிறியோ குழல்விளக்கோ போய்விடும். நான்கு தரைக் கற்களில் காலடி பழகட்டும். கைக்குப் பழைய செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி நூல் கட்டிக் கொடுங்கள்.

சான்றிதழ் ஆசை

ஐந்தாவது மாதம் வாக்கில் யாராவது ஒரு துண்டறிக்கை கொண்டுவருவார்கள். உலக சாதனை, இத்தனை மணி நேரம் இடைவிடாமல் சிலம்பம், பங்கேற்போர் அனைவருக்கும் சான்றிதழும் பதக்கமும், கட்டணம் இவ்வளவு. நானும் ஒருமுறை பன்னிரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மே மாதம். காலை ஏழு மணி என்றார்கள், ஆரம்பிக்கும்போது ஒன்பதரை. நிழல் இல்லை. இரண்டு மணி நேரம் கடந்தபோது என் மாணவி ஒருத்தி வாந்தி எடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சுற்ற ஆரம்பித்தாள். "நிறுத்தினால் சாதனை போய்விடும் மாஸ்டர்" என்றாள். அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அழைத்துப் போனது நான், அதனால் அந்தத் தவறு என்னுடையது. அவள் பெற்றோரிடமும் அப்படித்தான் சொன்னேன். அதன்பிறகு எந்தப் பிள்ளையையும் அப்படிப்பட்ட நிகழ்ச்சிக்கு நான் அனுப்பியதில்லை.

முறையான போட்டிகள் வேறு. சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டிலும் தமிழ்நாடு அரசு சிலம்பத்தைச் சேர்த்திருக்கிறது. அதற்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். முதல் ஆறு மாதத்தில் எதுவுமே வேண்டாம். அந்தக் காலத்தில் பிள்ளை நேற்றைய தன்னோடு மட்டும் போட்டி போடட்டும்.

முதல் அடி

ஆறாவது மாதத்தில்தான் தொடுமுறை. எதிரில் ஒரு பிள்ளை கம்போடு நிற்கும். தலைக்கவசம், மார்புக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் கம்பின் நுனியால் தொட வேண்டும். பழைய நாளில் நுனியில் ஒட்டும் பொடியைத் தடவி, உடம்பில் பதிந்த தடங்களை எண்ணி வெற்றியை முடிவுசெய்வார்கள். தாத்தா கரித்தூள் தடவுவார். வீட்டுக்குப் போனால் சட்டையைப் பார்த்தே பாட்டிக்குக் கணக்குத் தெரிந்துவிடும்.

முதல் தொடுமுறையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அடி படும். வலி கொஞ்சம், அதிர்ச்சி அதிகம். அழுதால் அழவிடுங்கள். ஓடிவந்து தூக்காதீர்கள், வேலிக்கு வெளியே நின்று "விடாதே, அடி" என்று கத்தவும் வேண்டாம். அழுது முடித்தபின் நான் ஒன்றுதான் கேட்பேன்: "எங்கே பட்டது, உன் கம்பு அப்போது எங்கே இருந்தது?" அழுகையின் நடுவிலேயே பிள்ளை யோசிக்க ஆரம்பிக்கும். தோளில் பட்டது, கம்பு கீழே இருந்தது. சரி, இப்போது கம்பை எங்கே வைக்கலாம்? மறுபடியும் நிற்கும். தொட்டவனும் தொடப்பட்டவனும் வணக்கம் வைத்துவிட்டுத்தான் பிரிய வேண்டும். வணக்கம் வைக்க மனமில்லை என்றால் மனம் வரும்வரை எல்லோரும் காத்திருப்போம். ஒருமுறை ஏழு நிமிடம் காத்திருந்தோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக்கிடக்கும். கையில் காசு இருக்காது, அதனால் அந்த இரண்டு மாதம் படகுக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் அப்பாக்கள் ஊரில் இருக்கும் மாதங்கள் அவை. திடலுக்கு வந்து சுவரோரம் உட்காருவார்கள். உங்களால் முடிந்த மாதங்களில் நீங்களும் அப்படி வந்து உட்காருங்கள்.

இந்த ஆண்டு தடைக்காலத்தின் இரண்டாவது வாரம், அந்த ஒன்பது வயதுப் பையனின் அப்பா வந்தார். முழுப் பயிற்சியையும் பேசாமல் பார்த்தார். முடிந்ததும் என்னிடம் வந்து, சின்ன வயதில் தானும் கொஞ்சம் கம்பு சுற்றியதாகச் சொன்னார். சாய்த்து வைத்திருந்ததிலேயே பெரிய கம்பை எடுத்துக் கொடுத்தேன். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் கம்பு கைநழுவி விழுந்தது. அங்கே இருந்த பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து எடுத்துக்கொண்டு நிமிரும்வரை பையன் காத்திருந்தான். பிறகு பக்கத்தில் போய், தன் கம்பின் நுனியால் அவருடைய இடது காலுக்கு முன்னால் மண்ணில் ஒரு கோடு போட்டான்.

"இங்கே வையுங்கள் அப்பா. கால் முதலில், கம்பு பிறகு."

அவர் காலை நகர்த்திக் கோட்டில் வைத்தார். அவன் ஒன்று என்று எண்ணினான்.